ஒளியை முந்துமா செய்தி?

(ஒரு வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், குவாண்டம் பிணைப்பு என்று சொல்லப்படுவதைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியுமா என்பதாகும். இதைப்பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் கல்லூரி வாசற்படியை மிதித்தவனல்ல. பள்ளிப் படிப்பும் பாதியிலேயே நின்றவன். கிடைத்த புத்தகங்களைப் படித்தும், விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதே எனது படிப்பு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் கடன் பட்டிருக்கிறேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இங்கு நிற்கிறேன்.

அது என்ன கடன் என்றால், சென்ற ஆண்டு வேறோர் ஊரில் பேசும்போது, பத்திரிகையில் எங்கோ பார்த்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, "விஞ்ஞானம் ஒளியையும் மிஞ்சிவிட்டது! இரண்டு துகள்களைப் பிணைத்துவிட்டால், இங்கே ஒன்றைத் தட்டியவுடன் எத்தனை கோடி மைலுக்கு அப்பாலும் மற்றது ஆடுகிறது! இனி செவ்வாய்க் கிரகத்துக்குக்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் செய்தி போகும்!" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்தபின், மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இங்கே தட்டுகிறவர் தாம் நினைத்தபடி தட்ட முடியுமா? தட்டினது அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பெரிய பெரிய விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள், தம்பி" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தோழர்களே! அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால், எந்தப் பதிலை மற்றவர்கள் சொன்னால் நான் இருபது வருஷமாக மேடையேறிக் கண்டித்து வருகிறேனோ, அந்தப் பதிலையே நான் அவருக்குச் சொல்லிவிட்டேன். 'பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்' என்பதற்கும் 'விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்' என்பதற்கும், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாதவன் வாயில் வரும்போது, என்ன வித்தியாசம்? ஆகவே அன்று முதல் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில், நான் முழங்கியது தவறு என்றும், அந்த இளைஞர் கேட்ட இரண்டு கேள்விகளுமே இவ்விஷயத்தின் உயிர்நிலை என்றும் கண்டேன். அதைத்தான் உங்களுக்கு இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில் ஒளியின் வேகத்தைப் பார்ப்போம். ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சந்திரனிலிருந்து நம்மிடம் வந்து சேர ஒன்றேகால் நொடிக்குச் சற்று அதிகம் ஆகிறது. செவ்வாய்க் கிரகம் நமக்கு மிக அருகில் வரும்போது சுமார் 3 நிமிஷமும், மிகத் தூரத்தில் இருக்கும்போது சுமார் 22 நிமிஷமும் ஆகிறது. நமது செல்பேசியும் வானொலியும் இந்த வேகத்துக்கு மேல் போவதில்லை. 1905-ஆம் வருஷத்தில் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்புக் கொள்கை, எந்தச் செய்தியும் இந்த வேகத்தை மிஞ்ச முடியாது என்று காட்டுகிறது. மிஞ்சினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மிஞ்சுமானால், வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கணக்கில், செய்தி அனுப்பப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததாக ஆகும். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால், கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்படியும் செய்யலாம். அதாவது காரணத்துக்கு முன்னே காரியம் வந்து நிற்கும். ஆகவே இது வெறும் வேகப் போட்டி சம்பந்தமான விஷயமல்ல. காரண காரியத்தின் அடிப்படையே இதில் அடங்கியிருக்கிறது.

இனி, பிணைப்பு என்றால் என்ன? ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து, ஒன்றை ஒரு பெட்டியிலும் மற்றதை மற்றொரு பெட்டியிலும் போட்டு, எது எதில் என்று பாராமல் ஒன்றை டில்லிக்கும் மற்றதை ரங்கூனுக்கும் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டில்லியில் பெட்டியைத் திறந்தவன் இடது காலைக் கண்டால், ரங்கூனில் இருப்பது வலது கால் என்று அந்த க்ஷணமே அறிந்துகொள்ளுகிறான். இதில் அதிசயம் ஏதாவது உண்டா? எந்தச் செய்தியும் டில்லியிலிருந்து ரங்கூனுக்கு ஓடவில்லை. பெட்டியில் போட்டபோதே நிச்சயிக்கப்பட்ட விஷயம் அது.

அணுவுக்குள்ளிருந்து ஜோடியாகப் பிறக்கும் ஒளித் துகள்களும் இப்படிப்பட்ட செருப்பு ஜோடிதானா? 1935-இல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை எழுப்பிய கேள்வியின் சாரம் இதுவேயாகும். அதே வருஷத்தில்தான் ஷ்ரோடிங்கர் என்பவர் இதற்குப் பிணைப்பு என்று பெயரிட்டார். துகளிடத்தில் முன்பே விடை எழுதி வைக்கப்பட்டிருக்கவேண்டும், குவாண்டம் சாஸ்திரம் அதைச் சொல்லாததால் அது பூர்த்தியாகாத சாஸ்திரம் என்பது ஐன்ஸ்டீன் கட்சி. அப்படியில்லையென்றால் தூரத்தில் இருந்துகொண்டே ஒன்றை ஒன்று ஆட்டிவைக்கும் பேய் வேலையை ஒப்புக்கொள்ளவேண்டியதாகும் என்று 1947-இல் தமது நண்பர் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேலி செய்தார்.

இந்த வழக்கு சுமார் முப்பது வருஷம் தீர்ப்பில்லாமல் கிடந்தது. 1964-இல் ஜான் பெல் என்ற பெல்பாஸ்ட் நகரத்துக்காரர் இதைச் சோதனைக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டார். அதை நமக்கு விளங்கும்படி கணக்காகச் சொல்லுகிறேன். சற்று பொறுமையாகக் கேளுங்கள்.

ஒளிக்கு அதிர்வுத் திசை என்று ஒன்று உண்டு. அதற்கென்று உள்ள வடிகட்டிக் கண்ணாடியை நிறுத்தினால், ஒவ்வொரு துகளும் ஒன்று அதைக் கடந்து போகும், அல்லது தடுக்கப்படும். கடந்தால் 'ஆம்', தடுக்கப்பட்டால் 'இல்லை' என்று எழுதிக்கொள்வோம். ஜோடித் துகள்களை இரண்டு ஊர்களுக்கு அனுப்பி, இரண்டு ஊர்களிலும் கண்ணாடியை ஒரே சாய்வில் வைத்தால், 100 ஜோடியில் 100-ம் ஒத்துப்போகின்றன. இங்கே ஆம் என்றால் அங்கும் ஆம். இதுவரை செருப்பு ஜோடிக் கதைதான். இப்போது இடது ஊர்க் கண்ணாடியை மாத்திரம் 30 பாகை சாய்த்தால் 100-க்கு 25 மாறிப்போகின்றன. அதை நேராக்கிவிட்டு, வலது ஊர்க் கண்ணாடியை எதிர்ப்பக்கமாக 30 பாகை சாய்த்தால், அப்போதும் 25 மாறுகின்றன. இரண்டையும் ஒரே சமயத்தில் இப்படிச் சாய்த்தால் எத்தனை மாறவேண்டும்? விடைகள் முன்பே எழுதி வைக்கப்பட்டவையாக இருந்து, ஓர் ஊர்க் கண்ணாடி மற்ற ஊர்த் துகளைப் பாதிக்காதென்றால், இங்கே 25 மாறும், அங்கே 25 மாறும். கூட்டினால் 50-க்கு மேல் மாற வழியே இல்லை. ஆனால் உண்மையில் 75 மாறுகின்றன!

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பலர். 1972-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் கிளாசரும் பிரீட்மனும், 1982-இல் பிரான்சில் அலென் ஆஸ்பேயும் அவருடைய தோழர்களும் சோதித்தார்கள். 2015-இல் ஹாலந்தின் டெல்ப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு வைரத் துண்டுகளில் இருந்த எலெக்ட்ரான்களைக் கொண்டு, சந்தேகத்துக்கு இருந்த முக்கியமான சந்துகளையும் ஒரே சோதனையில் அடைத்தார்கள். ஒவ்வொன்றிலும் குவாண்டம் கணக்கே வென்றது. 2022-இல் ஆஸ்பே, கிளாசர், ஆஸ்திரியாவின் ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் இதற்காகவே நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஐன்ஸ்டீன் சொன்ன செருப்பு ஜோடிக் கணக்கு தோற்றது. ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதற்காக யாரும் சோதனையின் விடையைத் திருத்தி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிற்க, இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். விடைகள் முன்பே எழுதி வைக்கப்படவில்லை என்றால், இங்கிருந்து அங்கே ஏதோ பறந்து போகிறது. பறந்து போகிறதென்றால் அதில் செய்தியை ஏற்றி அனுப்பலாம் என்று நினைத்துவிட்டேன். துகள்களுக்கிடையே உண்மையில் நடப்பது என்ன என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் ஒரே அபிப்பிராயம் கிடையாது. 2008-இல் ஜெனீவா பக்கத்தில் 18 கிலோமீட்டர் இடைவெளியில் நடந்த ஒரு சோதனையில், அப்படி ஏதாவது பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதன் வேகம் ஒளியைப்போல் 10,000 மடங்குக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். கேட்பதற்கு ஆச்சரியந்தான். ஆனால் செய்தி அனுப்புவது என்பது வேறு விஷயம்.

அந்த இளைஞரின் முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நினைத்தபடி தட்ட முடியுமா?' முடியாது. கண்ணாடியை எந்தச் சாய்விலும் வைக்கலாம். ஆனால் 'ஆம்' வருமா 'இல்லை' வருமா என்பது நம் கையில் இல்லை. காசைச் சுண்டிப் போட்டதுபோல் பாதிக்குப் பாதி தானாக வரும். கடிதம் எழுதவேண்டுமானால் எழுத்தை நாம் தெரிந்தெடுக்கவேண்டும். கை நினைத்ததை எழுதாமல் பேனா தன் இஷ்டப்படி கிறுக்கினால் அது கடிதமாகுமா?

இரண்டாவது கேள்வி: 'அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?' தெரியாது. நாம் இங்கே கண்ணாடியை நேராக வைத்தாலும், சாய்த்தாலும், ஒன்றுமே வைக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாலும், அங்கே இருப்பவருடைய நோட்டுப் புத்தகத்தில் ஆம், இல்லை, இல்லை, ஆம் என்று பாதிக்குப் பாதியாகவே இருக்கும். அந்த நோட்டை மாத்திரம் பார்த்தால் எந்த விசேஷமும் தென்படாது. 100-க்கு 75 என்ற அதிசயம் எப்போது தெரியும்? இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் தெரியும். ஒப்பிடவேண்டுமானால் ஒரு நோட்டிலுள்ளதை ரயிலிலோ, தொலைபேசியிலோ, வானொலியிலோ அனுப்பவேண்டும். அது ஒளியின் வேகத்தைத் தாண்டாது. இவ்வளவுதான் சங்கதி. பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெறாமலே அந்த இளைஞர் நேராக வேரில் கைவைத்துவிட்டார்.

ஆனால் நான் மாத்திரம் இதில் ஏமாந்தவன் என்று நினைக்காதீர்கள். மெத்தப் படித்த ஒருவரும் ஏமாந்தார். அவர் ஏமாந்த கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நிக் ஹெர்பர்ட் என்ற பௌதிக விஞ்ஞானி, 1981-இல் ஒளியை மிஞ்சும் செய்திக் கருவி ஒன்றைக் காகிதத்தில் அமைத்துக் காட்டினார். அவர் யோசனை சாமர்த்தியமானது. விடை நம் கையில் இல்லை, சரி. கேள்வி நம் கையில்தானே இருக்கிறது? துகளை நேர் அதிர்வா என்றும் கேட்கலாம், சுழல் அதிர்வா என்றும் கேட்கலாம். இங்கே நேர்க் கேள்வி கேட்டால் தூரத்துத் துகள் நேர் அதிர்வுடையதாகிறது. சுழல் கேள்வி கேட்டால் சுழல் அதிர்வுடையதாகிறது. நேருக்கு 'அ' என்றும், சுழலுக்கு 'ஆ' என்றும் குறி வைத்துக்கொண்டால் தந்தி மாதிரி அனுப்பலாமே என்றார்.

இதில் ஒரு கஷ்டம். அங்கே இருப்பது ஒரே துகள். அதை ஒரு தடவை ஒரு கேள்விதான் கேட்கலாம். கேட்டவுடன் அதன் பழைய நிலை போய்விடும். ஒரே விடையை வைத்துக்கொண்டு அது நேரா, சுழலா என்று கண்டுபிடிக்க முடியாது. ஹெர்பர்ட் இதற்கும் வழி சொன்னார். அந்தத் துகளை லேசர்க் குழாய்க்குள் விட்டு, அச்சு இயந்திரத்தில் நோட்டீசு அடிப்பதுபோல ஏராளமான நகல்கள் எடுத்துவிட வேண்டியது. பாதி நகல்களை நேர்க் கேள்வியும், பாதி நகல்களை சுழல் கேள்வியும் கேட்க வேண்டியது. எந்தப் பக்கத்தில் எல்லாம் ஒரே விடையாக வருகிறதோ, அதுதான் அனுப்பினவர் கேட்ட கேள்வி. மற்றப் பக்கத்தில் பாதிக்குப் பாதி வரும். ஆயிற்று; செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது!

இந்தக் கட்டுரை ஒரு பௌதிகப் பத்திரிகைக்குப் போயிற்று. பத்திரிகைக்காரர்கள் வழக்கப்படி அதை வேறு அறிஞர்களிடம் பரிசீலனைக்கு அனுப்பினார்கள். இத்தாலியைச் சேர்ந்த கிரார்டி என்பவர், இப்படி நகல் எடுப்பது குவாண்டம் சாஸ்திரப்படி நடவாது என்று காரணம் காட்டி, வெளியிடவேண்டாம் என்று எழுதினார். இஸ்ரேலைச் சேர்ந்த ஆஷர் பெரஸ் என்பவர் செய்ததுதான் விசித்திரம். கட்டுரை தவறு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் வெளியிடுங்கள் என்று சிபாரிசு செய்தார். ஏனென்றால், பிழை எங்கே இருக்கிறதென்று தேடுவதில் பலர் முனைவார்கள், அதனால் விஞ்ஞானத்துக்கு லாபம் உண்டாகும் என்பது அவர் எண்ணம். இதைப் பின்னாளில், 2003-இல் வெளியான தமது கட்டுரையில் அவரே ஒளிக்காமல் சொன்னார். ஹெர்பர்ட்டின் கட்டுரை 1982-இல் அச்சாயிற்று.

பெரஸ் எண்ணியது வீண் போகவில்லை. கட்டுரையின் கைப்பிரதிகள் முன்பே பல கைகளுக்குப் போயிருந்தபடியால், அதே 1982-இல் வூட்டர்ஸும் ஸூரெக்கும் சேர்ந்து ஒரு கட்டுரையும், ஹாலந்துக்காரரான டீக்ஸ் தனியாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். இன்ன நிலையில் இருக்கிறதென்று தெரியாத ஒரு குவாண்டம் துகளை அப்படியே நகல் எடுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது என்று நிரூபித்தார்கள். நிரூபணம் சிறியதுதான். நின்ற அதிர்வைச் சரியாக நகல் எடுக்கும், கிடந்த அதிர்வையும் சரியாக நகல் எடுக்கும் ஓர் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த அதிர்வு என்பது நின்றதும் கிடந்ததும் சேர்ந்த ஒரு கலவை. அதை உள்ளே விட்டால், குவாண்டம் விதிப்படி 'எல்லாம் நின்றவை' என்பதும் 'எல்லாம் கிடந்தவை' என்பதும் கலந்த ஒன்று வெளியே வருமே தவிர, 'எல்லாம் சாய்ந்தவை' வராது. அதாவது நகல் பொய்த்துவிடும். லேசர்க் குழாய் என்ன செய்யும் என்றால், நாம் விட்ட துகளைப் பெருக்குவதோடு, தானாகவும் கண்டபடி ஒளியை உமிழும். அந்த இரைச்சல், செய்தியை முழுக்க மூடிவிடுவதற்குச் சரியாக இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜேம்ஸ் பார்க் என்பவர் இதே முடிவை 1970-லேயே, ஹெர்பர்ட்டின் கட்டுரை வந்த அதே பத்திரிகையில் எழுதியிருந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பின், ஒருவர் துணிந்து தவறு செய்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

அந்தத் தவற்றால் உண்டான லாபத்தையும் கேளுங்கள். நகல் எடுக்க முடியாதென்றால், ஒளித் துகளில் வைத்து அனுப்பும் இரகசியத்தை வழியில் எவனும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் தடயம் தெரிந்துவிடும். இந்த அடிப்படையில் 1984-இல் பென்னட், பிரஸ்ஸார்ட் ஆகிய இருவர் இரகசியச் சாவி பரிமாறும் முறையை அமைத்தார்கள். 2016-இல் சீனா விண்ணில் விட்ட மிசியஸ் என்ற செயற்கைக் கோளிலிருந்து, பிணைந்த ஒளித் துகள்களை 1,200 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தரை நிலையங்களுக்கு அனுப்பிக் காட்டியதாக 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு துகளின் நிலையை வேறிடத்துக்கு மாற்றும் வித்தையை 1993-இல் பென்னட் முதலிய அறுவர் எழுதினார்கள். அதிலும்கூட, சாதாரண வழியில் ஒரு சிறு செய்தி போய்ச் சேர்ந்தால்தான் காரியம் முடியும். எந்தச் சந்தில் புகுந்தாலும், ஒளியை முந்தும் செய்திக்கு மாத்திரம் வழியில்லை.

தோழர்களே! இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 'குவாண்டம்' என்ற இந்தச் சொல் இப்போது சந்தைக்கு வந்துவிட்டது. மனசுக்கு மனசு செய்தி போகிறது, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நோயாளியை இங்கிருந்தே சொஸ்தப்படுத்துகிறோம், எல்லாம் குவாண்டம் பிணைப்புத்தான், ஐன்ஸ்டீனே ஒப்புக்கொண்டார் என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஐன்ஸ்டீன் பேய் என்றது கேலிக்காக. இவர்கள் அதையே அத்தாட்சியாக நீட்டுகிறார்கள். அவர்களிடம் நீங்கள் சண்டைக்குப் போகவேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிறவர் என்னைக் கேட்டாரே, அந்த இரண்டு கேள்விகளை மாத்திரம் கேளுங்கள். 'அனுப்புகிறவன் நினைத்ததை அனுப்ப முடியுமா? வாங்குகிறவனுக்கு வந்தது எப்படித் தெரியும்?' இதற்கு விடை சொல்லாமல் விஞ்ஞானியின் பெயரைச் சொன்னால், அன்று நான் செய்த காரியத்தையே அவர்களும் செய்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

விஞ்ஞானத்தில் தவறே வராது என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். ஐன்ஸ்டீன் தவறினார். ஹெர்பர்ட் தவறினார். அவர்களுடைய தவறு அச்சில் ஏறியது; யாரும் எடுத்துப் பார்க்கும்படி கிடந்தது; பார்த்தவர்கள் காரணத்தோடு மறுத்தார்கள்; மறுத்ததில் புதிய உண்மை பிறந்தது. ஹெர்பர்ட்டை யாரும் ஊரைவிட்டு விலக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல் இன்று அந்தக் கண்டுபிடிப்பின் கதையையே சொல்ல முடியாது. மறைத்து வைத்த தவறுதான் மனிதனைக் கெடுக்கும். மேடையில் செய்த தவற்றை மேடையிலேயே திருத்திக்கொள்ளாதவன், பிறரைப் பார்த்து 'யோசி' என்று சொல்ல என்ன உரிமை உடையவன்?

ஆகவே, அந்த ஊரில் நான் பேசியது தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறேன். அந்த ஊர்த் தோழர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் அங்கே போய் இதே விஷயத்தைப் பேசவும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அந்த இளைஞர் அன்று முன் வரிசையில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. இன்று நான் சொன்ன கணக்கிலும் எங்கேனும் பிழை கண்டீர்களானால், தயவுசெய்து காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். அதையும் இந்தப் பத்திரிகையிலேயே என் பெயரைப் போட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.